மரத் தரைக்கு எதைக் கொடுப்பது, எதை மறுப்பது?

ஒரு காலத்தில் மரப் பலகைத் தரை என்றால் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாக்களில்தான் பார்க்க முடியும். சமவெளியில் சில பழைய வீடுகளின் மச்சில் பலகை பாவியிருப்பார்கள். மற்றபடி நம் மக்களுக்குத் தரை என்றால் செங்கல், சிமெண்டு, மொசைக், அதன் பிறகு டைல்ஸ், கிரானைட். இப்போது சென்னை, கோவை போன்ற நகரங்களில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில், படுக்கையறைக்கு மட்டுமாவது மரத் தரை போடும் வழக்கம் வந்துவிட்டது.

போட்டுக் கொடுத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அதன் பிறகு அந்தத் தரையைத் துடைக்க என்ன வாங்குவது, பளபளப்பு போனால் என்ன பூசுவது என்று வீட்டுக்காரர் கேட்டு வருவது நம் கடைகளுக்குத்தான். மளிகைக் கடை, பெயிண்ட் கடை, ஹார்டுவேர் கடை ஆகிய மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு. டைல்ஸ் தரைக்கு நாம் பல வருடமாக விற்றுவரும் பினாயிலையும் ஆசிட்டையும் பழக்கத்தில் மரத் தரைக்கும் எடுத்துக் கொடுத்தால், அழுக்கு செய்யாத கெடுதலை நம் சரக்கு செய்துவிடும். லட்சக்கணக்கில் செலவு செய்து போட்ட தரை கெட்டுப்போனால், சரக்கைத் தயாரித்த கம்பெனியை அவர் தேடிப் போகமாட்டார். எடுத்துக் கொடுத்த நம்மைத்தான் கேட்பார். எனவே இந்த விவரங்களைக் கடையில் நிற்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தரை எது என்று முதலில் கேட்போம்

"மரத் தரை" என்று வாடிக்கையாளர் சொல்வதில் மூன்று வகை அடங்கும்.

முதலாவது, முழு மரப் பலகை. தேக்கு, ஓக் போன்ற மரத்தை அப்படியே பலகையாக அறுத்து இழைத்துப் பதித்தது. பெரும்பாலும் முக்கால் அங்குலக் கனம் இருக்கும். இதைப் பல முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாகப் பாலிஷ் செய்யலாம். பராமரித்தால் பல தலைமுறைக்கு இருக்கும்.

இரண்டாவது, எஞ்சினியர்டு வகை. அடியில் பிளைவுட் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள். மேலே மட்டும் அசல் மரம். அந்த மேல் மரம் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். மலிவு ரகத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஓரிரு முறை தேய்க்கலாம். அதற்குக் குறைந்ததை மெஷின் போட்டுத் தேய்த்தால் அடியிலுள்ள பிளைவுட் தெரிந்துவிடும்.

மூன்றாவது, லேமினேட். இது பலகை மரமே அல்ல. மரநாரை அழுத்திச் செய்த அட்டை, அதன் மேல் மரத்தின் படம் அச்சிட்ட காகிதம், அதற்கும் மேல் உறுதியான பூச்சு. சுவீடன் நாட்டு பெர்ஸ்டார்ப் கம்பெனி 1977-ம் ஆண்டு இதைக் கண்டுபிடித்து, 1984-ல் 'பெர்கோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதைத் தேய்க்கவும் முடியாது, பாலிஷ் போடவும் முடியாது. மூட்டு வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஓரம் உப்பும். உப்பியது பிறகு வற்றாது. அந்தப் பலகையை மாற்றுவது ஒன்றுதான் வழி.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. தரையை நாலைந்து இடத்தில் உற்றுப் பார்த்தால், ஒரே கணு, ஒரே ரேகை பல பலகைகளில் அச்சடித்தாற்போல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தெரியும். வந்தால் அது லேமினேட். வாசற்படி ஓரத்துப் பட்டியைக் கழற்றிப் பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். வீட்டுக்காரரிடம் பில் இருந்தால் அதைப் பார்ப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

நாம் துடைப்பது மரத்தை அல்ல, பூச்சை

மரத் தரையைத் துடைக்கிறோம் என்று சொன்னாலும், உண்மையில் நாம் துடைப்பது அதன் மேலுள்ள பூச்சைத்தான். பூச்சு நன்றாக இருக்கும் வரை மரத்துக்கு ஆபத்து குறைவு. அதனால் என்ன பூச்சு என்பது தெரிய வேண்டும்.

பழைய வீடுகளில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ் அல்லது மெழுகு இருக்கும். சிலர் ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், பூசியிருப்பார்கள். இப்போது போடும் தரைகளில் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் பி.யு. பூச்சு. தொழிற்சாலையிலேயே பூசி வரும் பலகைகளில் தேய்மானம் தாங்குவதற்காக அலுமினியம் ஆக்சைடு துகளும் கலந்திருக்கும்.

கண்டுபிடிக்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. பீரோவுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் செய்து பார்க்கச் சொல்லலாம். லேமினேட்டுக்கு இவை தேவையில்லை.

1. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. தண்ணீர் இறங்கி மரம் கறுத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது, அல்லது அது எண்ணெய் மட்டும் ஊட்டிய தரை.

2. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒற்றினால் பிசுபிசுவென்று ஒட்டி இளகுகிறதா? அப்படியானால் அரக்குப் பாலிஷ்.

3. நகத்தால் லேசாகச் சுரண்டினால் நகத்தில் வழவழப்பாக ஏதாவது சேருகிறதா? அப்படியானால் மெழுகு.

இந்த மூன்றிலும் பிடிபடாமல், தண்ணீரும் இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் அது பி.யு. வகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு எதிரிகள்: மணலும் தண்ணீரும்

மரத் தரைக்கு அழுக்கைக் காட்டிலும் பெரிய எதிரி மணல். செருப்பிலும் காலிலும் ஒட்டிவரும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். நாம் விற்கும் உப்புத்தாளில் ஒட்டியிருப்பதும் இப்படிப்பட்ட கடினத் துகள்தான். மணல் கிடக்கும் தரையில் நடப்பது உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஆகவே வாசலுக்கு வெளியே ஒரு முரட்டு மிதியடி, உள்ளே ஒரு துணி மிதியடி என இரண்டு போட்டாலே தரையின் ஆயுள் கூடும். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கம் மரத் தரைக்குப் பெரிய பாதுகாப்பு.

தண்ணீரின் கதை சற்று ஆழமானது. வெட்டி, அறுத்து, இழைத்து, பூச்சு போட்ட பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். அறையின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் ஏறத்தாழ 9 சதவீத ஈரம் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் ஆனால் மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை எட்டும். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் விரியும். நீளத்தில் விரிவது மிகக் குறைவு.

எவ்வளவு விரியும்? 5 அங்குல அகல ஓக் பலகையில் ஈரம் 4 சதவீதம் கூடினால் சுமார் 2 மில்லிமீட்டர் விரியும். தேக்கு அதில் ஏறத்தாழ பாதிதான் விரியும். ஒரு பலகைக்கு 2 மில்லிமீட்டர் சிறிதாகத் தோன்றலாம். அறையின் குறுக்கே இருபது, முப்பது பலகைகள் இருப்பதைக் கணக்கிட்டால் விஷயம் புரியும். இதற்காகத்தான் சுவர் ஓரம் இடைவெளி விட்டுப் பலகை பதிக்கிறார்கள். அந்த இடைவெளியில் சிமெண்டோ புட்டியோ வைத்து அடைக்க யாராவது சரக்குக் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அடைத்துவிட்டால் விரிய இடமின்றித் தரை நடுவில் எழும்பிவிடும்.

"எந்த மரம் கடினம்?" என்றும் கேட்பார்கள். இதற்கு யான்கா என்ற அளவு இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த கப்ரியேல் யான்கா 1906-ல் வகுத்தது. 11.28 மில்லிமீட்டர் எஃகுக் குண்டைப் பாதி ஆழம் மரத்தில் அமுக்க எத்தனை பவுண்டு விசை தேவை என்பதே கணக்கு. சிவப்பு ஓக் 1,290. தேக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,100 வரை. ஆக, தேக்கில் சற்றுச் சுலபமாகப் பள்ளம் விழும். ஆனால் ஈரத்துக்குக் குறைவாக அசைவதாலும், வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதாலும் நம் ஊர் வானிலைக்கு அது பொருத்தமாக நிற்கிறது.

அன்றாடம் செய்ய வேண்டியது

தினமும் பூந்துடைப்பத்தால் பெருக்க வேண்டும். தென்னை விளக்குமாறு வேண்டாம், கீறும். வாக்குவம் கிளீனர் இருந்தால் சுழலும் முட்பிரஷை நிறுத்திவிட்டுப் பயன்படுத்தலாம்.

வாரம் ஒரு முறை மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் விழாதபடி பிழிந்து, பலகையின் நீளவாக்கில் துடைக்க வேண்டும். துடைத்த இடம் ஓரிரு நிமிடத்தில் உலர்ந்துவிட வேண்டும். உலரவில்லை என்றால் துணியில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். மெழுகுத் தரைக்கு இந்த ஈரத் துணியும் கூடாது, உலர்ந்த துணியே போதும். சோப்பு ஏதாவது வேண்டுமென்றால், மரத் தரைக்கென்றே வரும் அமிலமும் காரமும் இல்லாத கிளீனரை, டப்பாவில் போட்ட அளவுப்படி மட்டும் சேர்க்கலாம். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகாது. படலமாக ஒட்டிக்கொண்டு, நடந்த தடம் எல்லாம் தெரியும்.

வெள்ளிக்கிழமை, போகி, ஆயுத பூஜை என்று வீடு கழுவும் வழக்கம் நமக்கு உண்டு. மற்ற அறைகளைத் தாராளமாகக் கழுவலாம். அந்தத் தண்ணீர் மரத் தரை உள்ள அறைக்குள் வராமல் வாசற்படியில் பழைய துணியைச் சுருட்டி வைத்துத் தடுக்க வேண்டும். மரத் தரை மேல் மாக்கோலம் வேண்டாம். ஒரு மனைப்பலகையில் கோலம் போட்டு வைக்கலாம். குத்துவிளக்கின் அடியில் தாம்பாளம் கட்டாயம் வேண்டும். மஞ்சள் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். லேசான மஞ்சள் கறை தங்கிவிட்டால் வெயில் படும்படி விட்டாலே நாளடைவில் மங்கிவிடும். ஆசிட்டைத் தேடக் கூடாது.

நாற்காலி, மேஜைக் கால்களுக்கு அடியில் ஒட்டும் ஃபெல்ட் துண்டுகளை நம் கடையில் வாங்கி வைத்தால் நன்றாகவே விற்கும். ஆனால் அவற்றில் மணல் ஏறும். அவ்வப்போது மாற்றச் சொல்ல வேண்டும். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி சில பூச்சுகளில் கறை பிடிக்கும். அதனால் உள்ளே துணி மிதியடியே நல்லது.

நம் அலமாரியில் இருந்து எவை கூடாது?

*ஆசிட், பிளீச்சிங் பவுடர்:* எந்த மரத் தரைக்கும் கூடாது. பூச்சையும் அரிக்கும், மரத்தின் நிறத்தையும் எடுக்கும்.

*பினாயில்:* டைல்ஸுக்குச் செய்வதுபோல் வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றித் துடைக்கவே இதை வாங்குகிறார்கள். அந்த வாளித் தண்ணீரே முதல் கேடு. அதற்கு மேல் பூச்சின் மேல் படலமும் கட்டும்.

*வினிகர், எலுமிச்சை, அம்மோனியா கலந்த கிளீனர்:* இயற்கைச் சரக்கு என்று சொல்லி வினிகரைக் கேட்பார்கள். முதலில் பளிச்சென்று தெரியும். தொடர்ந்து போட்டால் பூச்சு மங்கிவிடும்.

*மண்ணெண்ணெய்:* பழைய ஆட்கள் கேட்பார்கள். தீ அபாயம் ஒருபுறம், நாற்றம் ஒருபுறம். மெழுகுப் பூச்சு இருந்தால் அதையும் கரைக்கும்.

*தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்:* இவை காய்ந்து கெட்டிப்படாத எண்ணெய்கள். தரை வழுக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், சிக்கு நாற்றம் வரும். பெரியவர்கள் உள்ள வீட்டில் வழுக்கும் தரை எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

*பர்னிச்சர் ஸ்பிரே, மெழுகு:* பி.யு. பூச்சின் மேல் மெழுகோ சிலிக்கோன் கலந்த ஸ்பிரேயோ போட்டால் அன்றைக்கு மின்னும். பிறகு ஒரு நாள் புதிய கோட்டிங் அடிக்கும்போது அது ஒட்டாமல் உரியும். மெழுகு என்பது ஏற்கனவே மெழுகு போட்ட தரைக்கு மட்டும்.

*எஃகு நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர்:* இரண்டுமே கீறும். எஃகு நாரின் துணுக்கு ஈரத்தில் துருப்பிடித்தால் ஓக், தேக்கு போன்ற மரங்களில் கறுப்புப் புள்ளி விழும்.

*ஸ்டீம் மாப்:* விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இதைக் கேட்பவர்கள் உண்டு. சூடான நீராவி மூட்டுக்குள்ளும் பூச்சின் விரிசலுக்குள்ளும் புகுந்துவிடும். மூன்று வகைத் தரைக்கும் கூடாது.

மழைக்காலமும் கோடையும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை இறுகும். சில சமயம் பலகையின் ஓரங்கள் எழும்பி, நடு குழிந்து, ஓடு போல ஆகும். மேற்புறத்தைவிட அடிப்புறத்தில் ஈரம் அதிகம் என்பதற்கு இது அடையாளம். உடனே மெஷினைக் கொண்டுவந்து தேய்க்க ஆசைப்படுவார்கள். அப்போது தேய்த்தால், மரம் காய்ந்து தன் இடத்துக்குத் திரும்பும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குளியலறைக் கசிவா, ஏ.சி. தண்ணீரா, சுவர் ஓதமா என்று கண்டுபிடித்து நிறுத்தி, நன்றாகக் காய விட வேண்டும். பல வாரம் ஆகலாம். பாதிக்கு மேல் தானாகச் சரியாவதும் உண்டு.

கோடையில் இதற்கு எதிர்மாறாகப் பலகைகளுக்கிடையே மெல்லிய சந்து தெரியும். அதற்கு வுட் புட்டி கேட்டு வருவார்கள். பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் சந்தை அடைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பலகை விரியும்போது புட்டி பிதுங்கி வெளியே வரும், அல்லது பலகை ஓரம் நசுங்கும். "மழை முடியும் வரை பாருங்கள், அப்போதும் மூடாவிட்டால் வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்புவதே சரி. ஒரு டப்பா விற்பனை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கீறல், கறை, கரையான்

நகம் மாட்டாத வெள்ளைக் கீறல் பூச்சோடு நிற்பது. தரை முழுவதும் இப்படி மங்கிப்போனால் மரம் வரை தேய்க்க வேண்டியதில்லை. பி.யு. தரையாக இருந்தால், மேலே லேசாகச் சுரசுரப்பாக்கி ஒரு புதிய கோட்டிங் மட்டும் போடலாம். இதைக் காலத்தோடு செய்தால், மரம் வரை தேய்க்கும் பெரிய செலவைப் பல வருடம் தள்ளிப்போடலாம். தண்ணீர் இறங்கி மரம் கறுத்த பிறகு வந்தால் முழு வேலையும் செய்யத்தான் வேண்டும்.

கரையான் வைரப் பகுதியை அவ்வளவாகத் தொடாது. வெளுத்த பகுதி கலந்த பலகையையும், லேமினேட் அட்டையையும், அடியில் பதித்த சாதாரணக் கட்டையையும் விடாது. சுவர் ஓரத்தில் மண் கோடு தெரிந்தால் உடனே மருந்தடிப்பவரை அழைக்க வேண்டும். மாவு போன்ற நயமான தூள் சிறு துளையிலிருந்து கொட்டினால் அது கரையான் அல்ல, உளு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால், எதைப் பார்த்தார் என்று கேட்டுவிட்டு மருந்து கொடுக்க வேண்டும்.

எண்ணெய்த் துணி: உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை

லின்சீட் ஆயிலும், அதைச் சேர்த்த பாலிஷும் விற்கும் ஒவ்வொரு கடைக்காரரும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த எண்ணெய் உலர்வது தண்ணீர் ஆவியாவது போல அல்ல. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கெட்டியாகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்தால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் 1991 பிப்ரவரி 23 அன்று இரவு 22-வது மாடியில் தீப்பிடித்தது. மரவேலைக்குப் பாலிஷ் போட்டவர்கள் விட்டுப்போன லின்சீட் ஆயில் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். எட்டு மாடிகள் எரிந்து, தானாக நீர் தெளிக்கும் கருவி இருந்த 30-வது மாடியில்தான் தீ நின்றது. அந்தக் கட்டடத்தைப் பின்னர் இடிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே லின்சீட் ஆயில் வாங்குகிறவருக்கு, கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்: துடைத்த துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். நம் கோடவுனிலும் டின் ஒழுகியதைத் துடைத்த துணிக்கும் சாக்குக்கும் இதே விதிதான். மாலையில் கடை சாத்தும் முன் ஒரு முறை பார்ப்பது நல்லது.

கவுண்டரில் கேட்க நான்கு கேள்விகள்

1. தரை முழு மரமா, எஞ்சினியர்டா, லேமினேட்டா?

2. மேலே என்ன பூச்சு? தண்ணீர்ச் சொட்டு நிற்கிறதா, இறங்குகிறதா?

3. இதுவரை எதைப் போட்டுத் துடைத்தீர்கள்?

4. கறையா, கீறலா, சந்தா? எப்போதிலிருந்து?

இந்த நான்குக்கும் பதில் வாங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பதிலைக் கேட்ட பிறகு பல நேரம் கொடுக்க வேண்டியது ஒரு மிதியடி, ஒரு பூந்துடைப்பம், இரண்டு மைக்ரோஃபைபர் துணி, ஒரு அட்டை ஃபெல்ட் துண்டு என்ற அளவில் நின்றுவிடும். பில் தொகை சிறியதுதான். ஆனால் மறுபடி பெயிண்ட் அடிக்கும்போதும், மகனுக்கு வீடு கட்டும்போதும் அந்த வாடிக்கையாளர் முதலில் ஏறும் படி நம் கடைப் படியாக இருக்கும். கடைப் பையன்களுக்கும் இதைப் படித்துக் காட்டி, நான்கு கேள்விகளையும் ஓர் அட்டையில் எழுதிக் கல்லாப் பக்கத்தில் மாட்டி வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.